தலைநகருக்கு அண்டை நின்ற ஏரிக்கரை நகரம்

சென்ற ஆண்டில் ஒரு நாள், சரித்திர ஆசிரியர் விடுப்பிற் சென்றமையால், தமிழாசிரியனாகிய யான் அவர்தம் வகுப்பை ஏற்று நடத்த நேர்ந்தது. ஜப்பான் தேசத்துப் படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தின் நடுவே நீல நிறத்தில் நீண்டு கிடந்த ஏரியைச் சுட்டி, முன் வரிசைச் சிறுவன் ஒருவன், "ஐயா, இவ்வளவு பெரிய ஏரி பக்கத்திலேயே இருக்க, அதை விட்டு மலைக்கு அந்தப் புறம் ஏன் தலைநகரைக் கட்டினார்கள்?" என வினவினான். விடை கூற அன்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டேன். பின்னர்ப் பல நூல்களைத் தேடிப் படித்ததிற் கிடைத்த செய்திகளை, அவனுக்குச் சொன்னவாறே நம் சஞ்சிகை நேயர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

அச்சிறுவன் சுட்டியது பிவா ஏரி. ஜப்பானிய ஏரிகளுள் மிகப் பெரியது. அறுநூற்றெழுபது சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. ஆழம் மிக்க இடத்தில் நூறு மீட்டருக்கும் மேற்படும். பிவா என்பது யாழினத்தைச் சேர்ந்த ஒரு நரம்புக் கருவி. ஏரி அதன் வடிவிற் கிடத்தலால் அப்பெயர் பெற்றது என்பர். இவ்வேரியிலுள்ள சிகுபு என்னும் தீவிற் கோயில் கொண்ட பென்ஸைட்டன் என்னும் பெண் தெய்வம் அக்கருவியைக் கையில் ஏந்தியவள். அவள் வேறு யாருமல்லள். பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து சென்ற நம் கலைமகளே.

ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்தது ஓத்ஸு நகரம். 'ஓ' என்பது பெருமை. 'த்ஸு' என்பது படகுத் துறை. நம் மொழியிற் கூறின் பெருந்துறை என்றாகும். இந்நகருக்கும் பழைய தலைநகராகிய கியோட்டோவுக்கும் இடையிலுள்ள தொலைவு பத்துக் கிலோமீட்டர் அளவினதே. நடுவே நிற்பது தாழ்ந்ததொரு மலைத்தொடர். ஓத்ஸு அடங்கிய நாட்டுக்குப் பண்டைப் பெயர் ஓமி என்பது. உப்பில்லாத கடல் என்ற பொருளுடைய சொற்றொடர் தேய்ந்து அவ்வாறாயிற்று. அதனை எழுதும் எழுத்துக்களோ 'அண்மையிலுள்ள நீர்' எனப் பொருள்படுவன. தொலைவிலுள்ள ஹமனா ஏரியைச் சார்ந்த நாட்டிற்குத் 'தோதோமி' என்று பெயரிட்டு, இதனை அண்மை நீர் என்றனர். எதற்கு அண்மை? அரசனிருக்கும் ஊருக்கு அண்மை. பெயரிலேயே இந்நாடு பிறிதோர் ஊரை நோக்கி அளக்கப்பட்டதாதலைக் காண்க.

இனி, சிறுவன் வினாவுக்கு வருவோம். ஏரிக்கரையில் தலைநகர் அமைக்கப்படவில்லை என்பது பொருந்தாது. அமைக்கப்பட்டது; ஐந்தாண்டு இருந்தது; அழிந்தது.

கி.பி. 663-இல் கொரியக் கரையில் ஹகுசுகினோயே என்னுமிடத்து நிகழ்ந்த போரில், சீனத்துத் தாங் மரபினரும் ஸில்லா நாட்டினரும் கூடி ஜப்பானியப் படையை முறியடித்தனர். பகைவர் கடல் கடந்து வருவர் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. அக்காலத்து ஆட்சியை நடத்திய இளவரசர், பின்னர்த் தென்ஜி பேரரசர் எனப்பட்டவர், 667-இல் அஸுகாவிலிருந்த அரசிருக்கையைப் பெயர்த்து ஓத்ஸுவில் நிறுவினார். கடலினின்று உள்ளே தள்ளிய இடம், வடக்கும் கிழக்கும் செல்ல ஏரி வழி, பின்னே மலை. காரணம் இவையே எனப் பலரும் கருதுகின்றனர். மறு ஆண்டில் அவர் முடி சூடினார். 671-இல் நீர்க் கடிகையொன்று அமைத்து, மணியும் முரசும் முழக்கி நாழிகை அறிவிக்கச் செய்தார். அந்நாளின் நினைவாகவே இன்றும் ஜப்பானியர் ஜூன் 10-ஆம் நாளைக் காலத்தின் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

தென்ஜி மறைந்தவுடன் அரசுரிமைப் போர் மூண்டது. 672-இல் அவர்தம் மகன் ஓதோமோவும், தம்பி ஓஅமாவும் எதிர்த்தனர். ஏரியின் நீர் ஸெதா ஆறாக வெளியேறும் வாயிலில் ஒரு பாலம் உண்டு. கிழக்கேயிருந்து தலைநகரை அடைய விரும்பும் எப்படையும் அதனைக் கடந்தே ஆகவேண்டும். இறுதிப் போர் அப்பாலத்தின்மேல் நிகழ்ந்தது. தோற்ற ஓதோமோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வென்ற சிறிய தந்தையார் தென்மு பேரரசராகி, அஸுகாவுக்கே திரும்பினார். மாளிகைகள் பாழாயின. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வழிச் சென்ற ககினொமோதோ நோ ஹிதோமாரோ என்னும் பெரும்புலவர், புல் மூடிய அரண்மனை வளாகத்தைக் கண்டு இரங்கிப் பாடிய பாடல் மன்யோஷூ என்னும் தொகை நூலின் முதற் பகுதியிலேயே உள்ளது. மன்னர் மாய்ந்த ஊரைப் பாடும் கையறுநிலை நமக்குப் புதிதன்று. ஆயினும் ஐந்தாண்டே வாழ்ந்த தலைநகருக்கு அத்துணைச் சிறந்த பாடல் வாய்த்தமை அரிது. அவ்வரண்மனை எங்கிருந்தது என்பதே நெடுங்காலம் வழக்காயிருந்தது. 1974-இல் நிஷிகோரி என்னும் பகுதியில், வீடுகளுக்கிடையே அகழ்ந்தபோது பெருந்தூண்கள் நின்ற குழிகள் புலப்பட்டன.

தலைநகர் நீங்கியதும் ஊரின் பெயரும் நீங்கிற்று. பெருந்துறை 'பழந்துறை' ஆயிற்று. 794-இல் கம்மு பேரரசர் மலைக்கு அப்பால் ஹெயான் என்னும் புதுத் தலைநகரை, அதாவது இன்றைய கியோட்டோவை, நிறுவியபொழுது, பழந்துறையை மீண்டும் ஓத்ஸு என்றே அழைக்குமாறு ஆணையிட்டார். அவர் தென்ஜியின் கொள்ளுப்பேரர் என்பதை நினைக்க, அவ்வாணையில் ஒரு குடும்ப நினைவும் இருந்திருக்கும் எனத் தோன்றுகிறது. ஆனால் பெயர் திரும்பியதேயன்றி அரசு திரும்பவில்லை. அன்று தொட்டு ஆயிரத்தெழுபத்தைந்து ஆண்டுகள் கியோட்டோ அரசிருக்கையாகவும் ஓத்ஸு அதன் வாயிலாகவும் நின்றன.

வாயில் என்றதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். வட நாடுகளின் நெல்லும் மீனும் ஜப்பான் கடற்கரைத் துறைகளில் இறங்கி, சிறிது தூரம் தரை வழியே வந்து, ஏரியின் வட கோடியிற் படகேறி, தென் கோடியாகிய ஓத்ஸுவில் இறங்கும். அங்கிருந்து எருது பூட்டிய வண்டிகள் மலையேறிக் கியோட்டோ செல்லும். மழைக்காலத்தில் அவ்வழி சேறாகிச் சக்கரங்கள் புதையும். ஆதலால் 1805-இல் ஓத்ஸு முதல் கியோட்டோ வரை, ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு, சக்கரம் செல்லும் தடத்தில் மட்டும் இரு வரிசையாகக் கற்களைப் பதித்தனர். நாளடைவிற் சக்கரங்கள் அக்கற்களைத் தேய்த்து ஆழ்ந்த வடு உண்டாக்கின. வடுவுடைய அக்கற்கள் இன்றும் அவ்வழியில் வீட்டு வேலிகளிலும் கோயில் முற்றங்களிலும் கிடக்கின்றன. எத்தனை எருதுகள், எத்தனை மூட்டைகள் என்பதற்கு அவற்றினும் சிறந்த கணக்கேடு வேண்டுவதில்லை. எனினும் 1672-இல் கவமுரா ஸுயிகென் என்னும் வணிகர் மேலைக் கடலைச் சுற்றி ஒஸாகாவுக்கு நேரே மரக்கலம் செல்லும் வழியைச் செவ்வை செய்தபின், நெல் வரத்தில் ஒரு பெரும் பகுதி ஓத்ஸுவை விட்டு விலகிவிட்டது.

படை நடத்தியோர்க்கும் இது வாயிலே. 1600-இல் ஸெகிகஹாராப் போருக்கு முன், ஓத்ஸுக் கோட்டையைக் காத்த கியோகொகு தகத்ஸுகு மூவாயிரம் பேரளவில் நின்று, பதினையாயிரவரைத் தடுத்து நிறுத்தினார். கோட்டை பணிந்த அதே நாளில் ஸெகிகஹாராவிற் போர் முடிந்துவிட்டது. முற்றுகையிட்ட படை அங்குப் போய்ச் சேர இயலவில்லை. தோற்றவர் வென்றோர் பக்கத்துக்குச் செய்த உதவி இது. கோட்டை மட்டும் பிழைக்கவில்லை. அதனை இடித்து, அண்மையில் ஸெஸே என்னுமிடத்து வேறு கோட்டை எழுப்பினர்.

மலைமேலிருந்த என்ரியகுஜி மடத்தாரும், அடிவாரத்து மீதேரா மடத்தாரும் ஒரே பௌத்தப் பிரிவினராயிருந்தும் தலைமைப் பூசலால் 993-இற் பிரிந்து, ஒருவர் கோயிலை ஒருவர் எரித்த கதை நீளமானது. துறவிகள் வாளெடுத்த செய்தியை ஈண்டு விரிக்க எனக்கு மனமில்லை. 1571-இல் ஓதா நொபுனாகா மலைமேலிருந்த மடத்தையே தீக்கிரையாக்கினார் என்பதோடு அமைகின்றேன்.

வழிச் செல்வோரை நம்பி வாழும் ஊருக்கு ஒரு தனிக்கலை உண்டாதல் இயல்பு. தோக்கைதோ என்னும் அரச பெருவழியின் ஐம்பத்து மூன்று தங்கல்களுள் கடைசித் தங்கல் ஓத்ஸு. அங்கே சாலையோரக் குடியினர் மலிவான தாளில் விரைந்து தீட்டி, வழிப்போக்கருக்கு விற்ற படங்கள் 'ஓத்ஸு-எ' எனப் பெயர் பெற்றன. முதலிற் புத்தர் படங்கள். பின்னர் நகைச்சுவைப் படங்கள். அவற்றுள் பெயர் போனது, துறவியின் காவியணிந்து கையில் மணியடித்துப் பிச்சைக்குச் செல்லும் கொம்புடைய பேய். வரைந்தவர் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை. கியோட்டோவில் அரசவை ஓவியர் பொன் தகட்டில் அன்னமும் தேவதாருவும் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், மலைக்கு இப்பால் ஓர் ஏழைக் குடும்பம் போலித் துறவியைப் பேயாக வரைந்து செப்புக் காசுக்கு விற்றது. நகரத்தின் குணம் எது என்று என்னைக் கேட்டால் அப்படத்தையே காட்டுவேன். ஹைக்கூப் புலவர் பாஷோ 1694-இல் ஒஸாகாவில் மறைந்தபோது, தம் உடலைத் தலைநகரில் அன்றி ஓத்ஸுவிலுள்ள கிச்சூஜி என்னும் சிறு கோயிலில் அடக்கம் செய்யுமாறு வேண்டியதும் இவ்வூரின் இயல்பை அறிந்தமையாலேயே என்க.

1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குப் பெயர்ந்தார். இம்முறை அரசிழந்தது கியோட்டோ. மக்கள் வெளியேறினர், தொழில்கள் நலிந்தன. ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன் ஓத்ஸு பட்டதை இப்போது அண்டை நகர் பட்டது. அதனை மீட்க வழி தேடிய கியோட்டோ ஆளுநர் கிதகாகி குனிமிச்சி, மலைக்கு அப்பாலிருந்த ஏரி நீரை நோக்கினார். மலையைக் குடைந்து கால்வாய் கொணர்ந்தால் படகும் ஓடும், ஆலைச் சக்கரமும் சுழலும், வயலும் விளையும் என்பது அவர் கருத்து. அப்பணியை ஒப்படைத்தது யாரிடம் என்று நினைக்கின்றீர்கள்? தனபே ஸகுரோ என்னும் இருபத்தொரு வயது இளைஞரிடம்! அவர் டோக்கியோவில் பொறியியல் பயின்றபோது எழுதிய பட்ட ஆய்வுரையே இக்கால்வாயைப் பற்றியது. நிலமளக்கும்போது வலக்கை விரல் காயமுற, படங்களை இடக்கையால் வரைந்து முடித்தார்.

1885-இல் வேலை தொடங்கியது. ஓத்ஸுவிற் கால்வாய் புகும் முதற் சுரங்கம் மட்டும் 2,436 மீட்டர் நீளமுடையது. அந்நாளில் அந்நாட்டில் அதற்கு நிகர் இல்லை. இரு முனைகளினின்றும் குடைந்தால் காலம் நீளுமென்று, இடையே மலைமேலிருந்து கிணறு போல் தோண்டி, அடியிலிருந்து இருபுறமும் குடையத் தொடங்கினர். கிணற்றில் நீர் ஊறி ஊறி வேலையைத் தடுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட செங்கற்களைத் தாங்களே சூளையிட்டுச் செய்துகொண்டனர். செலவு ஏறத்தாழப் பன்னிரண்டரை இலட்சம் யென். மாண்டோர் பதினெழுவர், அவர்களுக்குத் தனபே பின்னர்த் தம் பொருளில் நினைவுக்கல் நாட்டினார். 1890-இல் நீர் மலையைக் கடந்தது. இதற்கிடையே 1888-இல் அமெரிக்கா சென்று ஆஸ்பென் என்னும் ஊரில் நீரால் மின்சாரம் எடுத்தலைக் கண்ட தனபே, ஆலைச் சக்கரத் திட்டத்தை மாற்றி மின்னிலையம் அமைத்தார். 1891-இல் அது இயங்கியது. 1895-இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் கியோட்டோ வீதியில் ஓடிற்று. அந்த டிராமை ஓட்டியது ஓத்ஸுக் கரையில் நின்ற நீர்.

ஏரிக்கரையோர் என்ன பெற்றனர்? ஏரி தாழ்ந்துவிடுமோ என்ற கவலையை முதலிற் பெற்றனர். நாளடைவில் ஒரு நன்றிக்காணிக்கையும் பெற்றனர்: கியோட்டோ நகரம் ஆண்டுதோறும் அந்நீருக்காக ஷிகா நாட்டு ஆட்சிக்கு ஒரு தொகை செலுத்துகின்றது. அதன் பெயர் விலையன்று, வரியன்று, 'நன்றிப் பணம்' என்பதே. அண்டை வீட்டார் கொடுக்கல் வாங்கலுக்கு இதனினும் நாகரிகமான பெயர் இராது. ஆனால் பெயரிடும் உரிமையைப் பெறுபவன் பெற்றானா, தருபவன் பெற்றானா என்பது வேறு வினா.

1891-ஆம் ஆண்டை ஓத்ஸு மறக்க வேறொரு காரணத்தாலும் இயலாது. இந்தியாவையும் இலங்கையையும் பார்த்துவிட்டு ஜப்பானுக்கு வந்திருந்த ருஷ்ய இளவரசர் நிகோலஸ், மே 11-ஆம் நாள் கியோட்டோவிலிருந்து ஓத்ஸுவுக்கு வந்து ஏரியைக் கண்டு திரும்புகையில், காவலுக்கு நின்ற போலீஸ்காரன் த்ஸுதா ஸன்ஸோ என்பவனே வாளை உருவி அவர் தலையில் வெட்டினான். உடன் வந்த கிரேக்க இளவரசரின் கைத்தடியும், ரிக்ஷா இழுத்த இருவரின் துணிவும் உயிரைக் காத்தன. ருஷ்யா போர் தொடுக்கும் என்று நாடு நடுங்கிற்று. பேரரசரே மறு நாள் கியோட்டோ விரைந்தார். அமைச்சர்கள், ஜப்பானிய அரச குடும்பத்தைத் தாக்குவோருக்குரிய சட்டப் பிரிவின்படி அவனைத் தூக்கிலிட வேண்டும் என்றனர். உயர் நீதிமன்றத் தலைவராகிப் பத்து நாள் கூட ஆகாத கொஜிமா கொரெகதா, அப்பிரிவு அயல்நாட்டு இளவரசருக்குப் பொருந்தாது, இது கொலை முயற்சியே என நின்றார். ஓத்ஸு நீதிமன்றக் கட்டடத்திலேயே விசாரணை நிகழ்ந்தது. மே 27-இல் ஆயுட்காலக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ருஷ்யா போர் தொடுக்கவில்லை.

கொஜிமாவைச் சட்டம் காத்த வீரர் என்று ஜப்பானியப் பாடநூல்கள் புகழ்கின்றன. புகழுக்குரியவரே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: அவர் அவ்வழக்கை விசாரித்த எழுவரில் ஒருவரல்லர்; டோக்கியோவிலிருந்து வந்து, விசாரித்த நீதிபதிகளைத் தனித்தனியே கண்டு தம் கருத்துக்கு இசைவித்தவர். அமைச்சர் நெருக்கத்தினின்று நீதியைக் காத்தார் என்பது மெய்; நீதிபதிகளைத் தாமே நெருக்கினார் என்பதும் மெய். இரண்டையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ஏரியின் மதகைப் பற்றிக் கூறி முடிப்பேன். ஏரியில் விழும் ஆறுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. இயற்கையாய் வெளியேறுவது ஸெதா ஒன்றே. அதுவே உஜி என்றும் யோதோ என்றும் பெயர் மாறி ஒஸாகாவுக்குச் செல்கின்றது. 1896-இல் பெய்த பெருமழையில் ஏரி மூன்றே முக்கால் மீட்டர் உயர்ந்து, ஓத்ஸு வீதிகளிற் படகு ஓடிற்று. கரையிலேறிய வெள்ளம் முற்றும் வடிய 237 நாட்கள் ஆயின. அதன் பின் ஸெதா ஆற்றை ஆழமாக்கி, ஓத்ஸுவுக்குத் தெற்கே நங்கோவில் 1905-இல் மதகணை கட்டினர். முப்பத்திரண்டு கண்கள், மரத்தடிகளை ஆட்கள் கையாற் போட்டும் எடுத்தும் இயக்க வேண்டும். முற்றும் திறக்க ஒரு நாள். முற்றும் அடைக்க இரண்டு நாள். 1961-இற் கட்டிய புதிய மதகு அரை மணி நேரத்தில் அப்பணியைச் செய்துவிடும்.

மதகு ஓத்ஸு மண்ணில் நிற்கின்றது; திறவுகோல் நடுவண் அரசின் கையில் இருக்கின்றது. அடைமழையில் திறந்தால் கீழேயுள்ள உஜியும் ஒஸாகாவும் மூழ்கும். அடைத்தால் மேலேயுள்ள ஏரிக்கரை வயல் மூழ்கும். எங்கள் ஊர் ஏரியிலும் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கைக் கண்டவன் ஆதலால், இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல யான் துணியேன். ஆனால் கீழுள்ளோர் தொகையிற் பெரியர். ஏரி நீரை உண்போர் இன்று ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஓத்ஸு நகர மக்களோ மூன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்தவர்கள்.

அம்மக்கள் தம் பங்கைச் செய்யத் தவறவில்லை. 1977-இல் ஏரி நீர் செந்நிறமாகி நாற்றமெடுத்தது. துணி துவைக்கும் பொடியிலுள்ள பாஸ்பரஸ் ஒரு காரணம் என அறிந்த ஷிகா நாட்டுக் குடும்பப் பெண்கள், அப்பொடியை விலக்கிப் பழைய சோப்புக்கே திரும்புவோம் என வீடு வீடாகச் சென்று சொல்லினர். சட்டம் பின்னரே வந்தது: 1979-இல் இயற்றி, 1980 ஜூலை முதல் பாஸ்பரஸ் கலந்த பொடியை விற்கவும் உபயோகிக்கவும் தடுத்தனர். 1984-இல் உலக ஏரிகளைப் பற்றிய முதல் மாநாடு ஓத்ஸுவிற் கூடிற்று.

சிறுவனுக்கு யான் கடைசியாகச் சொன்ன செய்தி இது. 2013 செப்டம்பர் 16-ஆம் நாள், புயல் மழை ஓயாது பெய்கையில், கீழ்நாட்டைக் காக்க ஸெதா மதகு முழுவதும் அடைக்கப்பட்டது. 1972-க்குப் பின் நாற்பத்தோராண்டு கழித்து அவ்வாறு அடைத்தது அதுவே முதன் முறை. ஏரி ஏறிற்று, கரையோர வயல்கள் நீரில் நின்றன. அவன் சிறிது நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அன்றைக்கு மதகை அடைக்கச் சொன்னவர் வீடு எந்தக் கரையில் இருந்தது, ஐயா?" என்று கேட்டான்.